ஐந்து அட்டைகளை ஒன்றாக்கப் போனேன்

1

இந்த ஜூலையோடு நான் டெல்லியில் ரயிலை விட்டு இறங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. கடல் கடந்து போனவர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். கடவுச்சீட்டு இல்லாமல் வந்த ஊர் இது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஐம்பது மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால், வேறு மொழியில் பால் வாங்கி, வேறு மொழியில் பிள்ளை வளர்த்துவிட்டால், அதற்கும் புலம்பெயர்தல் என்றுதான் பெயர்.

அந்த நாளுக்கு எங்கள் வீட்டில் கேக் கிடையாது. ஒரு பழக்கம் மட்டும் உண்டு. அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இனிப் பயன்படாத ஒரு பொருளை வெளியேற்றுவேன். போன வருடம் கோல் மார்க்கெட் அறையில் வாங்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ். அதற்கு முந்தைய வருடம் ஒரு பெட்டி வீடியோ கேசட். துவாரகாவில் எங்கள் வீடு இரண்டு படுக்கையறை கொண்டது. எதையாவது வெளியே அனுப்பினால்தான் எதையாவது உள்ளே கொண்டுவர முடியும். இந்த வருடம் வெளியேற வேண்டியவை ஐந்து கிரெடிட் கார்டுகள்.

என்னிடம் ஐந்து கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிறிய காகிதத் துண்டு ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருப்பேன்: பெட்ரோல், ரயில், மளிகை, ஆன்லைன், வீடு. எதில் எதற்குச் சலுகைப் புள்ளி அதிகம் என்று கணித்துச் செய்த ஏற்பாடு அது. என் மகள் ரீனாவுக்கு இருபத்துமூன்று வயது. குருகிராமில், மக்கள் அட்டையை எப்படித் தேய்க்கிறார்கள் என்று ஆராயும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். பங்குனி மாதம் ஒருநாள் என் பர்சைத் திறந்து பார்த்து, சோபாவில் சாய்ந்து சிரித்தாள்.

"பா, யே க்யா ஹை? கார்டுக்கு யாராவது லேபிள் ஒட்டுவாங்களா? ஊறுகாய் பாட்டிலா இது?"

"எது எதுக்குன்னு மறந்துரும்லா."

"உங்க பாயின்ட்ஸ் எல்லாம் அஞ்சு எடத்துல கொஞ்சம் கொஞ்சம் கெடக்கு. ஒண்ணுல மிக்ஸிகூட வாங்க முடியாது. எல்லா செலவையும் ஒரே கார்டுல போடுங்க. ஒரு வருஷச் செலவு ஒரு அளவைத் தாண்டினா போனஸ் பாயின்ட்ஸ் தருவாங்க. கிறிஸ்மஸுக்கு மூணு பேரும் திருவனந்தபுரம் ஃப்ளைட்ல போகலாம். முஃப்த்! காசே வேண்டாம்!"

அன்றே விண்ணப்பித்தாள். புதிய கார்டு கறுப்பு நிறத்தில், காந்தம் வைத்த ஒரு பெட்டியில் வந்தது. எங்கள் கல்யாண மோதிரங்கள் வந்த பெட்டி அதைவிடச் சிறியது. மின்சாரம், கேஸ், இணையம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். அதற்குப் பிறகு பழைய வங்கிகளிடமிருந்து எந்தக் கவர் வந்தாலும், உள்ளே கார்டு இருந்தால், நான் அதைக் கத்தரிக்கோலால் நான்காக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். குப்பையில் போடக் கூடாது, யாராவது ஒட்டிப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு பயம். இந்த டின்னை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2

ஒரு கார்டை வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். மூடுவதற்கு ஒரு முற்பகல் வேண்டும். முதல் நான்கையும் ஜூன் மாத ஞாயிறுகளில், தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து, ஒவ்வொன்றாக மூடினேன். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் முதலில் காரணம் கேட்பார்கள். பிறகு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். பிறகு, நான் அவர்களை விட்டுப் போவது அவர்களுக்குத் தனிப்பட்ட துயரம் என்பதுபோலக் குரலை இறக்குவார்கள். ஒருவர், "சர், பதினாறு வருடம் எங்களோடு இருந்திருக்கிறீர்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

மூடும் முன் மீதமிருக்கும் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கார்டோடு அவையும் போய்விடும். அந்த வகையில் எங்கள் வீட்டுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டியும், யாருக்கும் அளவு பொருந்தாத ஒரு முதுகுப்பையும் வந்து சேர்ந்தன.

இந்த உரையாடல்களை ஹிந்தியில்தான் நடத்தவேண்டியிருந்தது. ஒரு செய்தி நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் வரிகளைத் திருத்தி வருகிறேன். ஹிந்தியில் மட்டும் என்னை யாரும் திருத்தி முடித்ததில்லை. எல்லாப் பொருளும் எனக்கு ஆண்பால். 'மேரி' என்று வரவேண்டிய வண்டியும் மகளும்கூட 'மேரா காடி', 'மேரா பேட்டி'தான். ரீனா பள்ளியில் படித்தபோது பெற்றோர் கூட்டத்தில் நான் பேச ஆரம்பித்தால் அவள் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துவிடுவாள். இன்று அவள் நிலைமை எனக்கு நேர் எதிராக இருக்கிறது: ஹிந்தி அவளுக்கு மூச்சு, தமிழ் பேசுவாள், வாசிக்க முடியாது. அவளுடைய தமிழ் எழுத்துப் பயிற்சி நோட்டு உயிர்மெய்யில் 'ந' வரிசையோடு நின்றுபோனது. நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அது ஏன் நின்றது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தாவது கார்டை, 'வீடு' என்று லேபிள் ஒட்டியதை, கடைசிக்கு வைத்திருந்தேன். டெல்லியில் எனக்குக் கிடைத்த முதல் கார்டு அது. அதற்கு விண்ணப்பித்தபோது என் சொந்தப் பெயரில் ஒரு மின்கட்டண ரசீதுகூடக் கிடையாது. வீட்டு உரிமையாளர் கடிதம் தர மறுத்தார். அலுவலகச் சான்றிதழைக் காட்டி மூன்று முறை அலைந்துதான் வாங்கினேன். கையில் வந்தபோது, இந்த ஊர் என்னை ஒரு ஆள் என்று ஒப்புக்கொண்டதுபோல இருந்தது. ஆனாலும் கடந்த பதினான்கு வருடங்களில் அந்தக் கார்டின் பில்லை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என் மனைவி ஸ்டெல்லாதான் பார்த்துக்கொண்டாள். அவள் சம்பளக் கணக்கிலிருந்தே பணமும் போனது. பழைய கைபேசி எண்ணை அவளுக்குக் கொடுத்துவிட்டதால், வங்கியின் குறுஞ்செய்திகளும் அவளுக்கே போயின.

3

ஜூலையின் அந்த ஞாயிறு. மணி பதினொன்று. ஸ்டெல்லா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தூத்துக்குடிக்காரி, இங்கே ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். ரீனா தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

எதிர்முனையில் ஒரு பெண். காரணம் கேட்டார், சொன்னேன். கட்டணத் தள்ளுபடி சொன்னார், மறுத்தேன். அவர் ஒரு வினாடி எதையோ வாசித்துவிட்டு, அச்சுப் பிசகாமல் சொன்னார்:

"சர், இந்தக் கணக்கில் ஒரு ஆட்-ஆன் கார்டும் இருக்கிறது. மேரி ஜெனிட்டா ஜி. முதன்மைக் கார்டை மூடினால் அவர்களுடைய கார்டும் மூடப்படும். உறுதி செய்கிறீர்களா?"

ஆட்-ஆன் கார்டு என்பது, நம் கணக்கில், நம் பொறுப்பில், குடும்பத்தில் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பது. மேரி ஜெனிட்டா என் தங்கை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் பதினான்கு வருடமாக யாரும் உச்சரித்ததில்லை. முகம் தெரியாத ஒரு பெண், நொய்டாவிலோ எங்கோ, பெயருக்குப் பின்னால் 'ஜி' சேர்த்து அதைச் சொன்னபோது, என் முதல் எண்ணம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதிவேட்டில் பிழை என்பதுதான்.

"அது பயன்பாட்டில் இல்லாத கார்டு," என்றேன்.

"இல்லை சர். ஆக்டிவ். போன மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் பயன்படுத்தியிருக்கிறார்கள்."

சமையலறையில் குழாய் நின்றது.

"ஒவ்வொரு மாதமுமா?"

"ஹான் ஜி. சர், மூடுவதற்கு உங்கள் பதிவு எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறேன். ஆறு இலக்கம். சொல்லுங்கள்."

ஸ்டெல்லாவின் கைபேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் மணி அடித்தது. அவள் ஈரக் கையோடு வந்து அதை எடுத்தாள். திரையைப் பார்த்தாள்.

"ஓ.டி.பி. சொல்லு ஸ்டெல்லா," என்றேன்.

"சொல்ல மாட்டேன்."

ரீனா நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டெல்லா என்னை எதிர்த்துப் பேசுவது புதிதல்ல. நாள் முழுக்கப் பேசுவாள். ஆனால் இது வேறு குரல். வார்டில் ஒரு டாக்டர் தவறான மருந்தை எழுதிவிட்டால் அவள் பயன்படுத்தும் குரல் என்று பிற்பாடு ஊகித்தேன்.

"சர், ஓ.டி.பி. ஆ கயா?"

"அந்தப் பொண்ண வைக்கச் சொல்லுங்க," என்றாள் ஸ்டெல்லா. "இந்த நம்பர நான் சொல்லிட்டேன்னா, அதோட அவ போச்சு. எனக்கு அவ இருக்காளா இல்லையான்னு தெரியிறதுக்கு வேற வழியே கெடையாது. சொல்ல மாட்டேன்."

"சர்? இரண்டு நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும், சர்."

ஸ்டெல்லா கைபேசியைக் கவிழ்த்து மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். அந்த இரண்டு நிமிடமும் கடந்தன. எதிர்முனைப் பெண் பொறுமையாக இருந்தார். பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு, நாள் நல்லபடியாக அமைய வாழ்த்தி, அழைப்பைத் துண்டித்தார்.

4

ஜெனி என்னைவிடப் பதினொரு வயது இளையவள். கல்லூரியில் படித்தபோது எனக்குக் கடிதம் எழுதுவாள். நான் அதைச் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன். அதை அன்பு என்றுதான் நினைத்துச் செய்தேன். அவளும் அடுத்த கடிதத்தில், "போன தடவை ஒன்பது பிழை, இந்தத் தடவை குறைத்திருக்கிறேன், எண்ணிக்கொள்" என்று எழுதுவாள்.

இருபத்திரண்டு வயதில் ஆர்.கே.புரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை வேலை கிடைத்து எங்களோடு தங்க வந்தாள். மூன்று வருடம் இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த ஆட்-ஆன் கார்டு எடுத்தேன். புது ஊரில் கையில் காசில்லாமல் நின்றுவிடக் கூடாது என்று. மாலையில் ரீனாவை உட்காரவைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுப்பாள்.

அந்தக் காலத்தில் கார்டு பில் தபாலில் வரும். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அதை அச்சுப்படி போல வரி வரியாகப் படிப்பேன். ஒரு மாதம் அதில் மந்திர் மார்க் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அடுத்த வரியில் ஒரு சேலைக் கடை. அதற்கடுத்து மோதிரக் கடை. மூன்றையும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அவள் முன்னால் வைத்தேன்.

"என்னது இது?"

அவள் தாளைப் பார்த்தாள். "போட்டோ எடுத்தேன். ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் குடுக்கணும். எனக்கும் சுனிலுக்கும்."

சுனில் எங்கள் வீட்டு ஏ.சி.யைப் பழுதுபார்க்க வந்த பையன். மார்த்தாண்டத்துக்காரன். வேறு மதம். கெட்டவன் என்று சொல்ல என்னிடம் ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் ஏன் கூடாது என்பதற்கு வரிசையாகப் பதினொரு காரணங்கள் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அதைப் பல வருடம் பெருமையாக நினைத்திருந்தேன்.

ஜெனி பதினொன்றையும் கேட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்: "மூணு மாசமா என் மொகத்தப் பாத்துட்டுத்தானே சோறு தின்ன? என்ன மக்ளேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ என்னக் கேக்காம பில்லக் கேட்டுட்டு வாற."

மறுநாள் பையோடு போனாள். ஸ்டெல்லாவிடம், இனி அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். ஸ்டெல்லா, "சரி, பேசல" என்றாள். நாலு மாதம் கழித்து ஜெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னேன். அந்தக் கார்டின் பில்லைப் பார்க்க எனக்குக் கை கூசியது. அதனால் ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். ரீனாவின் நோட்டு 'ந' வரிசையில் நின்றது.

கார்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பதற்கும் பேச வேண்டுமே.

5

ஸ்டெல்லா கையைத் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு சிறிய டைரியை எடுத்து வந்தாள். செவிலியர்கள் சீருடைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவு. அட்டை மாறி மாறி ஒட்டப்பட்டிருந்தது.

"நான் வாக்கு மீறல. பேசல. போன் பண்ணல. ஒரு வரி எழுதல. நீங்க கடிதத்தத் திருப்பி அனுப்பச் சொன்னியள்லா, அட்ரசை மட்டும் எழுதி வச்சுக்கிட்டுத்தான் அனுப்பினேன்."

"அப்புறம்?"

"அவ போயி ரெண்டு வாரத்துல ஒரு மெசேஜ் வந்துச்சு. நாகர்கோவில்ல ஒரு மருந்துக் கடை, சின்னத் தொகை. சரி, புள்ள ஊர் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சேன். மறு மாசமும் அதே தேதிக்கு வந்துச்சு. அப்பத்தான் வெளங்கிச்சு, அவ வேணும்னே தேய்க்கான்னு. மாசம் ஒண்ணு. பதினாலு வருஷம்."

டைரியைத் திறந்தேன். தொகைகள் இல்லை. மாதமும் கடையும் மட்டும், நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கும் அதே சின்ன எழுத்தில். மருந்துக் கடை. மருந்துக் கடை. பாத்திரக் கடை. பேக்கரி. பிறகு ஒரே வருடத்தில் மூன்று முறை ஸ்கேன் சென்டர். பிறகு ஒரு மாதம் வெற்றிடம். அடுத்த மாதம், குழந்தைகள் துணிக்கடை.

"அன்னைக்கு வார்டுல எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்தேன்," என்றாள் ஸ்டெல்லா. "என்ன விசேஷம் சிஸ்டர்னு கேட்டாவ. சும்மான்னேன். மிச்சம் ரெண்டு வீட்டுக்குக் கொண்டாந்தேன். நீங்கதான் தின்னிய."

தின்றிருக்கிறேன். அது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்ததற்கு நான் லட்டு சாப்பிட்டிருக்கிறேன்; நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

பள்ளிப் புத்தகக் கடை. சைக்கிள் கடை. அதே புத்தகக் கடை, ஒவ்வொரு ஜூனிலும். இரண்டு வருடம் முன்னால், கண்ணாடிக் கடை.

"கண்ணாடி யாருக்கு?" என்று ரீனா கேட்டாள். அவள் எப்போது எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"தெரியாது. அவளுக்கா புள்ளைக்கா தெரியாது. பையனா பொண்ணான்னே தெரியாது. மெசேஜ்ல அதெல்லாம் வராது."

தலைப்பு எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு நாளில் நூறு செய்திகளைப் பார்த்து, எது முக்கியம் என்று சொல்வது என் வேலை. என் வீட்டில், என் பெயரில், என் பழைய எண்ணுக்குப் பதினான்கு வருடமாக மாதம் ஒரு செய்தி வந்துகொண்டிருந்திருக்கிறது. மீன் கழுவும் இடத்தில் நின்று ஒருத்தி அதைத் தனியாகப் படித்து, குறித்து, உள்ளே வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

கடைசிப் பக்கத்தில் மார்ச் வரை கடைகள். ஏப்ரலுக்கு நேரே இரண்டு பெருக்கல் குறிகள். மே, ஜூன் காலி.

"இது என்ன?"

"ஏப்ரல்ல ரெண்டு தடவ தேய்ச்சிருக்கா, போகல. கார்டு காலாவதி ஆயிட்டுன்னு மெசேஜ் வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வரல. இதுக்கு முன்ன காலாவதி ஆனப்பல்லாம் புதுக் கார்டு நம்ம வீட்டுக்குத்தான் வரும், நான் கவர்ல போட்டு அவ அட்ரசுக்கு அனுப்பிருவேன். இந்தத் தடவ வரல. உங்ககிட்டகூடக் கேட்டேனே, பழைய பேங்க்ல இருந்து கவர் வந்துச்சான்னு. வந்துச்சு, வெட்டியாச்சுன்னிய. உங்க கார்டத்தான் வெட்டினியன்னு நெனச்சேன். இன்னொண்ணு வரும்னு மூணு மாசமாப் பாத்துட்டு இருக்கேன்."

அந்த வங்கியிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு கவர்கள் வந்தன. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றில் என் கார்டு. இரண்டாவதை, ஒரே கார்டைத் தவறுதலாக இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். வங்கிகளின் கவனக்குறைவைப் பற்றி ஸ்டெல்லாவிடம் அன்று இரண்டு வாக்கியம் பேசியும் இருக்கிறேன்.

ரீனா டின்னை எடுத்து வந்து மேசையில் கொட்டினாள். எட்டு நீலத் துண்டுகள். இப்போதெல்லாம் பெயரை அட்டையின் பின்பக்கத்தில் அச்சிடுகிறார்கள். நான் திருப்பிப் பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். ரீனா துண்டுகளைக் கவிழ்த்து நகத்தால் தள்ளித் தள்ளிப் பொருத்தினாள். முதலில் என் பெயர் வந்தது. பிறகு, 'மேரி' ஒரு துண்டிலும் 'ஜெனிட்டா' அடுத்ததிலும்.

வெட்டு மிக நேராக இருந்தது.

"ஓ காட், பா," என்றாள் ரீனா.

ஸ்டெல்லாதான் எங்களுக்குச் சொன்னாள், அழாமல், ஒரு நோயாளியின் நிலையைச் சொல்வதுபோல: "கடையில கார்டு போகலன்னா அவ என்ன நெனச்சிருப்பா? அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சு, நிறுத்திட்டான்னுதான் நெனச்சிருப்பா. ரெண்டாந்தடவையும் வெட்டிட்டான்னு."

6

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு வங்கியை அழைத்தேன். வேறொரு பெண்.

என் தங்கை என்று சொல்ல, "மேரா பஹன்," என்று ஆரம்பித்தேன். சோபாவிலிருந்து ரீனா, "மேரி," என்றாள், மெதுவாக. இந்த முறை குனியவில்லை. "மேரி பஹன் கா கார்டு," என்று திருத்திக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை ஊரில் உள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். நான் கணக்கின் உரிமையாளன். பதினான்கு வருடமாக ஜெனியின் கைபேசி எண் அந்த வங்கியின் கணினியில் இருக்கிறது. அதைக் கேட்டேன். அந்தரங்கத் தகவல், தர முடியாது என்றார் அந்தப் பெண். நான் அவளுடைய அண்ணன் என்றேன். அவர் சற்று நிதானித்து, மிகுந்த மரியாதையோடு, "அண்ணன் என்றால் உங்களிடம் எண் இருக்குமே, சர்?" என்று கேட்டார்.

மாற்றுக் கார்டு அனுப்பக் கேட்டேன். இந்த முறை ஸ்டெல்லா ஓ.டி.பி.யைச் சத்தமாக, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். செய்திகள் என் எண்ணுக்கும் வரும்படி மாற்றிக்கொண்டேன்.

ஒன்பது நாளில் கார்டு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பெயர் சரியாக இருந்தது. கூடவே ஏதாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தேன். மன்னிப்பு என்று எழுதினால் அலுவலகக் கடிதம் போல இருந்தது. நடந்ததை எழுதினால் செய்திக் குறிப்பு போல இருந்தது. கடைசியில், "இரண்டாவது முறை வெட்டியது தெரியாமல். முதல் முறை தெரிந்து" என்று எழுதி, கீழே என் எண்ணைப் போட்டேன். ஸ்டெல்லா வாசித்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றாள். பிறகு அவளே மடித்து உள்ளே வைத்தாள். வெட்டிய துண்டுகளையும் ஒரு சிறிய உறையில் போட்டுச் சேர்த்தாள். "நம்பணும்லா," என்றாள்.

துவாரகா தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டுக்கு எடை போட்டவர் உள்ளே என்ன என்று கேட்டார். காகிதம் என்றேன்.

ரீனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய கார்டை மூடாமல் வைத்தால், அதன் ஆண்டுக் கட்டணம் விழாமலிருக்க அதிலும் கொஞ்சம் செலவு செய்தாக வேண்டும். கறுப்புக் கார்டில் அந்த அளவுக்குக் குறையும். "டிசம்பர்ல மூணு டிக்கெட் வராது, பா. ரெண்டுதான்."

"மூணாவது டிக்கெட்டக் காசு குடுத்து வாங்குவோம்," என்றாள் ஸ்டெல்லா. "கெட்டா போயிருவோம்?"

7

பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அலுவலகத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைப்பது என் வழக்கம். அந்த நாட்களில் முகம் மேலே இருக்கும்படி வைத்தேன். வந்தவை எல்லாம் உணவு விநியோகமும் தனிநபர் கடன் அழைப்புகளும். ஸ்டெல்லா ஒவ்வொரு மாலையும் கதவைத் திறக்கும்போதே என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையசைப்பேன்.

பதின்மூன்றாம் நாள், மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. உங்கள் ஆட்-ஆன் கார்டில் பரிவர்த்தனை. இடம், மார்த்தாண்டம். கடை, ஒரு போட்டோ ஸ்டூடியோ.

நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். டைரியை எடுக்கப் போனவள், பாதியில் திரும்பினாள். "நீங்க எழுதுங்க," என்று பேனாவை நீட்டினாள். ஆகஸ்ட், போட்டோ ஸ்டூடியோ என்று எழுதினேன். அவள் எழுத்துக்குக் கீழே என் எழுத்து பெரிதாகத் தெரிந்தது.

"எதுக்கு எடுத்திருப்பா?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியளா? பில்லக் கேக்காதிய. பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். அடுத்த வாரம் சனிக்கிழமை தபால் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு புகைப்படம் மட்டும். ஜெனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பருத்திருந்தாள். முன்நெற்றியில் நரை. பின்னால் சுனில், சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு, கேமராவுக்குப் பயந்தவன்போல நின்றான். ஜெனியின் தோளில் சாய்ந்து பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தாள்.

"பொண்ணு!" என்றாள் ஸ்டெல்லா. "கண்ணாடி இவளுக்குத்தான். ஏட்டி ரீனா, பாரு, கண்ணாடி இவளுக்குத்தான்!" அவள் அழுததை அப்போதுதான் பார்த்தேன்.

ரீனா படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் நீல மையில் தமிழில் ஒரு வரி. அதன் கீழ் எண்கள். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இருங்க பா. நான் ட்ரை பண்றேன். அத்தை எனக்குச் சொல்லிக்குடுத்ததுதானே." விரலை எழுத்தின்மேல் வைத்தாள். "அ... ண்... ணே. அண்ணே. இ... து... ல. இதுல. சி... இது என்ன, 'வ'வா?"

"ஆமா, 'வ'தான்."

"சிவ... இதுக்கு அப்புறம் வர்றது நான் படிக்கல." மெய்யெழுத்து முழுக்கத் தெரியும்; உயிர்மெய்யில் 'ப' வரிசைக்கு முன்பே நோட்டு நின்றுவிட்டது. நான் அவள் தோளுக்கு மேலிருந்து மிச்சத்தை வாசித்தேன்.

'அண்ணே, இதுல சிவப்பு மை வைக்காண்டாம்.'

நான் வைத்த இடத்தில் சிவப்புப் பேனாவும் இருக்கவில்லை. ஸ்டெல்லா எப்போதோ எடுத்து அப்புறப்படுத்தியிருந்தாள்.

கீழே பத்து இலக்கங்கள். கைபேசியில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். மூன்றாம் முறை ஆரம்பித்தபோது ஸ்டெல்லா என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

இரண்டாவது மணியில் எடுத்தது ஒரு சிறு பெண் குரல்.

"ஹலோ, யாரு?"

இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் ஒவ்வொரு படிவத்திலும் நான் யார் என்று எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

"மாமா," என்றேன்.